பன்னிரண்டு சென்டிமீட்டர்

பேரணாம்பட்டு அரசு மருத்துவமனையில்
பிரசவ வார்டின் மேற்குச் சுவர்.
என் வரைபடத்தில் அதன் பெயர் எஸ்.டபிள்யூ. மூன்று.
நர்ஸ் எப்சிபாவுக்கு அது
காலண்டர் மாட்டுகிற சுவர்.

போன கார்த்திகையில் நான்கு தடவை குலுங்கியது ஊர்.
பெரிதாக ஒன்றுமில்லை.
ஸ்டாண்டிலிருந்த எவர்சில்வர் தட்டுகள்
ஒன்றையொன்று நலம் விசாரித்தன.
தோல் ஷெட் தொட்டியில்
சுண்ணாம்புத் தண்ணீர் விளிம்பு தாண்டியது.
தையல் பிரிக்காத வயிற்றோடு
ஜல்ஜலா, ஜல்ஜலா என்று
படியிறங்கி ஓடினாள் ஒருத்தி.
அதன் பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

பூச்சைக் கொத்தினோம்.
பதினைந்துக்கு ஒன்றென்று எழுதியிருந்த கம்பி
முப்பதுக்கு ஒன்றாக நின்றது.
கவர் பிளாக் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு தீப்பெட்டி.
குடியாத்தம் லேபிள், சிவப்பு இன்னும் போகவில்லை.
வளையங்களின் கொக்கிகளை
உள்நோக்கி மடக்காமல் விட்டிருந்தார்கள்.
நிலம் ஒரு உதறு உதறினால்
பொத்தான் போல அவிழும்.
முப்பத்தோரு வருடம் இந்தச் சுவர்
அவிழாமல் இருந்தது
யாரும் உதறாததால் மட்டுமே.

இனி இதற்குப் புதிதாக ஒரு சட்டை:
வலைக்கம்பி, பத்து சென்டிமீட்டர் கான்கிரீட்.
சட்டை உடம்போடு ஒட்ட
எழுபத்திரண்டு துளை,
ஒவ்வொன்றும் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழம்,
ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதி,
எபாக்சி நிரப்பி, கம்பி.
பகலில் கூட்டம். அதனால் இரவு வேலை.
துளை போடுபவர் வி.கோட்டா ரெட்டெப்பா.

நான் வந்தது ஆறாம் நாள் காலை, ஜாக்கியோடு.
ஒரு கம்பி மூன்று டன் தாங்க வேண்டும்.
முதலாவது தாங்கியது. நாலாவது தாங்கியது.
முப்பத்தெட்டாவது
ஒன்றரை டன்னில்
பல் பிடுங்கியது போல வந்தது கையோடு.

தூசியால் தோற்ற கம்பி வழுக்கிக்கொண்டு
வெறுமையாக வரும்.
இது நுனியில்
ஒரு பிடி சுவரைக் கவ்விக்கொண்டு வந்திருந்தது.
அளந்தேன். ஏழு சென்டிமீட்டர்.
பக்கத்தில் இன்னும் பதினொன்று, அதே ஏழு.
ஒரு சாண் அகலத்துக்கு ஒரு கட்டில் நீளம்.

ரெட்டெப்பா வாயைத் திறக்கவில்லை.
கான்ட்ராக்டர் கிருபாசங்கர் நிறையவே திறந்தார்.
அவர் இறங்கிப் போனதும் தரையைப் பார்த்தபடி,
பிட்ட பண்டுகுனிந்தி மேடம், என்றார்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததாம்.
சுவருக்கு அந்தப் பக்கம்,
ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்ட ஒன்று,
ஒன்றரைக் கிலோகூட இல்லை.
மிஷின் ஆழம் போகப் போக
சுவர் கத்துகிற கத்து மாறும்.
ஏழு வரைக்கும் அது நெளியவில்லை.
எட்டில் கைகால் உதறியது.
ஜன்னல் வழியே எப்சிபா
உள்ளங்கையைக் காட்டியிருக்கிறாள்.
அது நிறுத்து என்றா, மெதுவாக என்றா
இவருக்குத் தெரியவில்லை.
பன்னிரண்டு தடவையும் ஏழில் நிறுத்தினார்.

என் படிப்பில் இதற்கு அட்டவணை கிடையாது.
சுவர் யாருக்காகவோ
அவர்களை எழுப்பாமல் சுவரைக் காப்பாற்றும் வழி
எந்தக் கோடிலும் இல்லை.
சரி, இருக்கட்டும் என்று
ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாம்.
பேனாவைத் திறந்துகூட விட்டேன்.

மத்தியானம் எப்சிபாவும் நானும்
கட்டில்களைக் கிழக்கே தள்ளினோம்.
ஒரு சக்கரம் சுற்றவில்லை, தூக்கினோம்.
தபஸ்ஸும் தன் ஒன்றரைக் கிலோவை
நெஞ்சோடு சேர்த்து, துப்பட்டாவால் காதை மூடி
ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் உட்கார்ந்தாள்.
சாயங்காலம் ஆறு மணிக்கு
ரெட்டெப்பா மறுபடி மிஷினைத் தூக்கினார்.
எட்டு. ஒன்பது.
வராந்தாவில் அழுகை எழுந்தது.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் டேப்பைப் பார்த்தேன்.
பத்து.

அளவுப் புத்தகத்தில் எழுதினேன்:
துளைகள் 12, நிராகரிப்பு, மறுபடி போடப்பட்டது.
காரணம் என்ற கட்டம் மிகச் சின்னது.
தொழில் தெரிந்தவன் எவனும்
அந்தக் கம்பியின் நுனியைப் பார்த்தால் சிரிப்பான்.
இருந்தாலும் எழுதினேன்,
தூசி.